பயணம் போய்வரும் துணைவேந்தர்களுக்குத் திருகோணமலையிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துணைவேந்தர்களுக்கும் வளாக முதல்வர்களுக்கும்,

வணக்கம்.

நீங்கள் மாணவர்களுக்கும் பழைய மாணவர்களுக்கும் அவ்வப்போது எழுதி வெளியிடும் சுற்றுமடல்களைத் தேடி வாசிப்பவர்களில் நானும் ஒருவன். பல்கலைக்கழகம் எதுவானாலும் அந்த மடல்களின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது. முற்பகுதியில் தலைவர் போய்வந்த நாடுகள், சந்தித்த பிரமுகர்கள், கைச்சாத்திட்ட புரிந்துணர்வு உடன்படிக்கைகள் வரும். பிற்பகுதியில் வளாகத்தில் நடந்த விழாக்கள், திறந்துவைத்த கட்டடங்கள், புதுமுக மாணவர் வரவேற்பு ஆகியவை வரும். இரண்டு பகுதிகளும் தனித்தனியே நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் முற்பகுதியில் சொல்லப்பட்ட பயணத்தால் பிற்பகுதியில் வரும் மாணவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதை அந்த மடல்களிலிருந்து பெரும்பாலும் அறிய முடிவதில்லை. அதைப் பற்றிப் பேசவே இதை எழுதுகிறேன்.

நான் இந்நாட்டுப் பல்கலைக்கழகமொன்றின் நிருவாகக் கிளையில் நெடுங்காலம் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்தப் பல்கலைக்கழகம் என்பது இந்த மடலுக்கு அவசியமில்லை. வெளிநாட்டு விடுமுறை விண்ணப்பங்களும் உடன்படிக்கைக் கோவைகளும் என் மேசையைக் கடந்துதான் மேலே போயின. இப்போது உப்புவெளியில் இருக்கிறோம். வீட்டின் மேல்மாடியைப் படிக்கும் பிள்ளைகளுக்குப் போடிங்காகக் கொடுத்திருக்கிறோம். ஆகவே உங்கள் மடலின் முதற்பாதி எப்படித் தயாராகிறது என்பதை அலுவலகத்திலும், மறுபாதி எப்படி வாழப்படுகிறது என்பதை வீட்டிலும் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பயணங்களுக்கு நான் எதிரானவன் அல்லன். 'ஊர்க்காசில் உலகம் சுற்றுகிறார்கள்' என்று பஸ் நிலையத்துத் தேநீர்க்கடையில் யாராவது பேச்செடுத்தால், மறுத்துப் பேசுகிறவன் நான்தான். இலங்கைப் பல்கலைக்கழகம் 1942 இல் தொடங்கியது. அதன் வழிவந்த கொழும்புக்கும் பேராதனைக்கும், வெளிநாடுகளில் கலாநிதிப் பட்டம் பெற்றுத் திரும்பிய பேராசிரியர்களின் தலைமுறைகள் வழியாக, உலகத்தோடு பழைய தொடர்புகள் இருக்கின்றன. கிழக்கில் உயர்கல்வியின் கதை அப்படிப்பட்டதல்ல. 1981 ஆம் ஆண்டு வந்தாறுமூலையில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986 இல் கிழக்குப் பல்கலைக்கழகமாகி, 2001 இல்தான் திருகோணமலை வளாகம் உருவாயிற்று. அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் 2004 ஆம் ஆண்டின் கடற்கோளும் இருக்கிறது, 2009 வரை நீடித்த போரும் இருக்கிறது. பேராதனையைத் தேடி விருந்தாளி தானாகவே வருவார். திருகோணமலை வளாகம் இருக்கும் கோணேசபுரிக்கு அவர் வர வேண்டுமென்றால், இங்கிருந்து ஒருவர் போய் அவர் கதவைத் தட்ட வேண்டும். கொழும்பிலிருந்து 260 கிலோமீற்றர் தள்ளியிருக்கும் ஓர் ஊரின் உயர்கல்வித் தலைவர் பயணம் போகாமல் இருப்பதுதான் கவலைக்குரியது.

பயணம் என்றால் என்ன செய்யலாம் என்பதற்கு இந்த ஊரிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. சுவாமி விபுலாநந்தர் காரைதீவில் பிறந்தவர்; திருகோணமலை இந்துக் கல்லூரியின் அதிபராக இருந்தவர்; 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராகச் சிதம்பரத்துக்குப் போனவர்; 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியராக மீண்டவர். பழந்தமிழரின் யாழ்களைப் பற்றி அவர் செய்த ஆராய்ச்சி, கடலின் இரு கரைகளிலும் அவருக்கிருந்த தொடர்புகள் இல்லாமல் நிறைவேறியிருக்காது. அவர் எத்தனை முறை கடல் கடந்தார் என்று இன்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. போய்வந்ததால் தமிழிசைக்கு என்ன கிடைத்தது என்பதுதான் எல்லோருக்கும் தெரியும். (திருஞானசம்பந்தர் கோணமாமலைக்கு நேரில் வராமல், இராமேச்சரத்தில் இருந்தபடியே கோணேசர்மேல் பதிகம் பாடினார் என்பது மரபு. பயணச் செலவே இல்லாமல் இவ்வளவு நிலைத்த பயனை வேறெவரும் தரவில்லை என்று எங்கள் நிதியாளர் ஒருவர் சிரித்துக்கொண்டே சொல்வார். துணைவேந்தர்களிடம் அந்த அளவுக்கு எதிர்பார்க்க முடியாது.)

இனி நான் அறிந்த பக்கத்துக்கு வருகிறேன். தலைவர் ஒருவர் வெளிநாடு போவதென்றால், முதலில் அழைப்புக் கடிதம் வரும். பயணச்சீட்டை யார் எடுப்பது, தங்குமிடம் யாருடையது, நாட்படி எந்தச் செலவுத் தலைப்பில் விழும் என்பவை எழுதப்படும். அனுமதி பெறப்படும். பதில் கடமைக்கு ஒருவர் நியமிக்கப்படுவார். அவர் கையொப்பமிடக்கூடியவற்றில் கையொப்பமிடுவார். கொஞ்சம் சிக்கலானவை எல்லாம் 'சேர் வந்த பிறகு பார்ப்போம்' என்ற குறிப்போடு தட்டில் தங்கும். வெளியார் இதை அறிவதில்லை. ஆனால் விடுதிக் கூரை திருத்தத்துக்கான கேள்விமனு (டெண்டர்) ஒன்று இப்படி ஒரு குறிப்போடு தட்டில் கிடந்து, அதற்குள் மழைக்காலம் வந்துவிடுவதை நான் கண்டிருக்கிறேன்.

உடன்படிக்கையின் கதை இதைவிட நீளமானது. வரைவு வரும், சட்ட ஆலோசனைக்குப் போகும், கல்வி விடயங்களைப் பார்க்கும் மூதவைக்கும் நிருவாகத்தைப் பார்க்கும் பேரவைக்கும் போய் அங்கீகாரம் பெறும். இவ்வளவும் ஒழுங்காகவே நடக்கும். பிறகு ஒரு நாள் இரண்டு கொடிகளுக்கு நடுவே மேசை போட்டு, தோல் உறையிட்ட இரண்டு பிரதிகளில் இருவர் கையெழுத்திட்டு, உறைகளை மாற்றிக்கொள்ளும்போது படம் எடுக்கப்படும். அந்தப் படம் உங்கள் மடலின் முதற்பக்கத்துக்கு வரும். உறை பதிவாளர் கிளையின் இரும்பு அலுமாரிக்குள் போகும். உடன்படிக்கையின் காலம் வழக்கமாக ஐந்து ஆண்டுகள். கடைசித் தாள்களில், இரு தரப்பும் என்னென்ன செயற்பாடுகளை எந்த ஆண்டில் செய்யும், இணைப்பாளர் யார் என்பவற்றை எழுதுவதற்கான அட்டவணை ஒன்று இருக்கும். நான் கையாண்ட கோவைகளில் அந்த அட்டவணை வெறுமையாக இருந்தவையே கூட. சிலவற்றில் இணைப்பாளர் என்று பெயர் குறிக்கப்பட்ட விரிவுரையாளர் கற்கை விடுமுறையில் போயிருப்பார். அவருக்குப் பதில் யார் என்று எவருக்கும் தோன்றியிருக்காது. ஐந்தாம் ஆண்டின் முடிவில் மறுபக்கத்திலிருந்து 'புதுப்பிக்க விரும்புகிறீர்களா' என்று ஒரு மின்னஞ்சல் வரும். அப்போதுதான் அப்படி ஓர் உடன்படிக்கை இருந்ததே பலருக்குத் தெரியவரும். மறுபேச்சின்றிப் புதுப்பிப்போம், மறுபடியும் ஒரு படம் எடுப்போம்.

இதில் எவருடைய நேர்மையையும் நான் சந்தேகிக்கவில்லை. பயணம் போனவருக்கு உண்மையான ஆர்வம் இருந்திருக்கும். ஆனால் 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டப்படி துணைவேந்தரின் பதவிக்காலம் மூன்று ஆண்டுகள், உடன்படிக்கைக்கோ ஐந்து. தொடக்கி வைத்தவர் பதவியில் இல்லாதபோதுதான் அது பயன்தர வேண்டிய காலம் வருகிறது. அந்த இடைவெளியை நிரப்பக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: பயணத்தின் கணக்கை எல்லோரும் பார்க்கும்படி எழுதி வைப்பது. அடுத்தவர் வந்து தொடர்வதற்கும், தொடராவிட்டால் 'ஏன்' என்று மாணவர் கேட்பதற்கும் அந்த எழுத்து வேண்டும்.

என் உறவுக்காரப் பிள்ளை ஒருத்தியைப் பற்றிச் சொன்னால் இது விளங்கும். இந்த மாவட்டத்துப் பிள்ளை. வேறொரு பல்கலைக்கழகத்தில் படித்தவள். அவளுடைய பீடத்துக்கு ஐரோப்பியப் பல்கலைக்கழகமொன்றோடு மாணவர் பரிமாற்றத்துக்கான ஒழுங்கு இருந்தது. எராஸ்மஸ் பிளஸ் திட்டத்தின் கீழ் அப்படிப் போகும் மாணவருக்கு அங்கே கற்பித்தல் கட்டணம் இல்லை. மாதாந்த உதவித்தொகையும் பயணச் செலவுக்கு உதவியும் உண்டு. ஒரு செமஸ்டரை அங்கே படித்து, பெற்ற புள்ளிகளை இங்கே சேர்த்துக்கொள்ளலாம். இந்த ஒழுங்கு இருப்பது அவளுக்குத் தெரிந்தது மேல்வகுப்பு மாணவர் ஒருவர் வாட்ஸப்பில் அனுப்பிய ஓர் அறிவித்தலின் மூலம். அதைப் பார்த்தபோது விண்ணப்ப முடிவுக்குச் சில நாட்களே இருந்தன. அவளிடம் கடவுச்சீட்டு இல்லை. ஆங்கிலத் தேர்ச்சிச் சான்றிதழ் இல்லை. பரிந்துரைக் கடிதம் தர வேண்டிய பேராசிரியர் ஊரில் இல்லை. தகப்பன் மூதூரில் மீன்பிடிக்கிறவர். அவசரத்தில் ஓடித் திரிந்து செலவழிக்கப் பணமும் இல்லை, யாரைப் போய்ப் பார்ப்பது என்ற வழியும் தெரியவில்லை. அவளுடைய பல்கலைக்கழகத் தலைவர் அந்த ஒழுங்கைப் பேசி முடிக்கப் போன பயணத்தின் படம், அதற்கு முந்திய ஆண்டின் மடலில் அழகாக அச்சாகியிருந்தது. படத்தின் கீழே இரண்டு வரி கூடுதலாக இருந்திருந்தால், எந்தப் பீடத்து மாணவர், எந்த மாதம், என்ன ஆவணங்களோடு ஆயத்தமாக இருக்க வேண்டும் என்று ஓர் ஆண்டுக்கு முன்பே அவள் அறிந்திருப்பாள்.

அந்த இரண்டு வரியைத்தான் நான் கேட்கிறேன். அழைத்தவர் யார், செலவை ஏற்றவர் யார், என்ன பேசினீர்கள், எதற்கு வாக்குக் கொடுத்தீர்கள், இங்கே அதைப் பார்க்கப்போகிற அலுவலர் யார், மாணவர் எப்போது யாரிடம் விண்ணப்பிக்கலாம் என்பவற்றைச் சொல்லுங்கள். பேசியும் ஒன்றும் சரிவரவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். போன இடத்தில் எல்லாமே கைகூடும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. 2022 ஆம் ஆண்டு நெருக்கடியில் அரசு அலுவலர்களின் வெளிநாட்டுப் பயணங்களுக்குக் கட்டுப்பாடு வந்தபோது, எந்தப் பயணம் அவசியமானது, எது இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று எல்லா அலுவலகங்களிலும் ஒரு முறை யோசிக்க வேண்டி வந்தது. அந்த யோசனை நல்லது; நெருக்கடி தணிந்ததும் அதையும் சேர்த்து மறந்துவிடத் தேவையில்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரஜையும் ஒரு படிவத்தை நிரப்பித் தகவல் அலுவலரிடம் கொடுத்து இவற்றைக் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்ற தீர்மானத்தை அவர் சொல்ல வேண்டும். நான் அந்த வழியில் போக விரும்பவில்லை. படிவம் கொடுத்துப் பெறுகிற பதிலும், தலைவர் தானாக மனமுவந்து சொல்கிற சொல்லும் ஒன்றல்ல.

எங்கே போவது என்பதைப் பற்றியும் சொல்ல எனக்கு ஆசை உண்டு; அதிகப்பிரசங்கித்தனம் என்று நினைக்காவிட்டால் சொல்கிறேன். கோணேசபுரியில் சித்த மருத்துவம் கற்பிக்கப்படுகிறது. அந்தத் துறையில் பட்டமேற்படிப்பு நடத்துகிற தேசிய சித்த மருத்துவ நிறுவனம் சென்னையில் தாம்பரம் சானடோரியத்தில் இருக்கிறது. காலையில் அங்கே வெளிநோயாளர் பிரிவில் நின்று, மருந்துச் சாலையைச் சுற்றிப் பார்த்து, நம் பிள்ளைகள் சில மாதங்கள் அங்கே பயிற்சி பெற முடியுமா என்று பேசி வருகிற ஒரு பயணம், மூன்று தலைநகரங்களில் நடக்கும் மூன்று உச்சிமாநாடுகளைவிடப் பெறுமதியானது என்பது என் அபிப்பிராயம். நிலாவெளிக் கரையில் நின்றால் தெரிகிற புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. பவளப்பாறை ஆராய்ச்சிக்குப் பெயர்பெற்ற அவுஸ்திரேலியாவின் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகம் போன்ற ஓரிடத்துக்கு நீங்கள் போவதென்றால், கடலை ஆராய்கிற இளம் விரிவுரையாளர் ஒருவரையும் கூட்டிப் போங்கள். துணைவேந்தர் கைகுலுக்குவார், கேட்க வேண்டிய கேள்விகளை அந்த விரிவுரையாளர் கேட்பார். தலைவர் தனியே போகும் பயணத்துக்கு ஆயுள் மூன்று ஆண்டு. துறையிலுள்ள ஒருவரோடு போகும் பயணம் அவர் ஓய்வு பெறும்வரை வேலை செய்யும்.

அடுத்து வளாக வாழ்க்கை. உங்கள் மடல்களில் பொங்கல் வருகிறது, வாணி விழா வருகிறது, இப்தார் வருகிறது, வெசாக் கூடு வருகிறது, இரத்ததான முகாம் வருகிறது. இவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மூவின மாணவரும் ஒரே முற்றத்தில் கூடி நிற்கும் இந்த விழாக்கள் இந்த மாவட்டத்துக்கு எவ்வளவு முக்கியம் என்பதை இங்கே வாழ்ந்தவர்கள் அறிவார்கள். ஆனால் விழா இல்லாத நாட்களும் மாணவருக்கு உண்டு. ஆண்டின் பெரும்பகுதி அதுதான்.

எங்கள் மேல்மாடியில் இப்போது இருப்பவர்களில் ஒருத்தி தம்பலகாமத்துப் பிள்ளை, ஒருத்தி கிளிநொச்சி, ஒருத்தி மொனராகலையிலிருந்து வந்த சிங்களப் பிள்ளை. மொனராகலைப் பிள்ளைக்கு வந்த புதிதில் தமிழ் ஒரு சொல்லும் வராது. எங்களுக்குச் சிங்களம் அலுவலகச் சிங்களம். முதல் மாதம் முழுவதும் சமையலறையில் சைகையால்தான் பேச்சு நடந்தது. இப்போது பிட்டுக்கு மாக் குழைக்கும்போது தண்ணீர் கூடிவிட்டது என்று என் மனைவியையே தமிழில் திருத்துகிறாள். கிழமைக்கு ஒரு தடவை மூவரும் காசு சேர்த்துக் கணக்கெழுதுகிறார்கள். அரிசி, பருப்பு, தேங்காய், காஸ் என்று பழைய குறிப்புக் கொப்பியொன்றில் மூன்று நிரல். யார் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பது மூவரின் கையெழுத்திலும் இருக்கும். மகாபொல என்ற அரச உதவித்தொகை கணக்கில் விழாத மாதத்தில் ஒருத்தியின் நிரல் மட்டும் கடனாகவே நீளும். மற்ற இருவரும் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள். மகாபொல 2025 ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது நல்ல செய்தி. அது உரிய நாளில் வந்துசேர்ந்ததா என்பது அந்தக் கொப்பியில் தெரியும். தலைவர்களின் மடல்களில் தெரிவதில்லை.

மாலையில் நூலகத்திலிருந்து திரும்பும் பிள்ளைக்கு நிலாவெளி வீதியில் பஸ் கிடைக்கிறதா, வாடைக்காற்று வீசும் மார்கழி மழையில் விடுதியின் எந்தப் பக்கம் ஒழுகுகிறது, பரீட்சைப் பெறுபேறு வர எவ்வளவு காலம் எடுக்கிறது, சிற்றுண்டிச்சாலையில் மதியச் சோறு என்ன விலை, வைத்திய அறையில் மருத்துவர் எந்த நாளில் இருக்கிறார் என்பவைதான் மாணவர் வீட்டுக்கு எடுக்கும் தொலைபேசி அழைப்புகளில் பேசப்படுபவை. தாய்தகப்பன் உங்கள் மடலில் தேடுவதும் அவற்றைத்தான். உப்புவெளியில் நான் காணும் பெற்றோர் பலர் அந்த மடலைக் கைத்தொலைபேசியில் திறந்து, படங்களில் தங்கள் பிள்ளையின் முகம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அவர்களுக்குச் சொல்ல அதில் வேறெதுவும் இல்லை என்பதே காரணம்.

பகிடிவதை (ராகிங்) பற்றிப் பேசாமல் வளாக வாழ்க்கையைப் பேச முடியாது. அதைத் தடைசெய்யும் 20 ஆம் இலக்கச் சட்டம் 1998 இலேயே வந்துவிட்டது. ஆயினும் புதுமுக மாணவர் வந்த முதல் மாதங்களில், எந்தப் பல்கலைக்கழகத்துப் பிள்ளையானாலும், வீட்டுக்குப் பேசும் குரல் மாறுவதைப் பெற்றோர் அறிவர். எங்கள் வீட்டில் முன்பு இருந்த ஒரு பிள்ளை, மாலை ஆறு மணியானால் கைத்தொலைபேசியை அணைத்துத் தலையணைக்குக் கீழே வைத்துவிடுவாள். ஏன் என்று என் மனைவி கேட்டபோது 'படிக்க' என்றாள். படிக்கவில்லை, அழைப்பு வரும் என்ற பயம். அவள் எங்கே படித்தாள் என்பது இங்கே வேண்டாம், ஏனென்றால் இது ஓரிடத்துக்கு மட்டும் உரிய நோயல்ல. நான் கேட்பதெல்லாம், தலைவரின் மடலில் 'பகிடிவதைக்கு இடமில்லை' என்ற வழக்கமான வாசகத்தோடு, இந்தத் தவணையில் எத்தனை முறைப்பாடுகள் வந்தன, எத்தனை விசாரிக்கப்பட்டன, எத்தனை முடிந்தன என்ற மூன்று எண்களையும் போடுங்கள் என்பதுதான். பெயர்கள் வேண்டாம். எண்கள் வெளியானால் நிறுவனத்தின் பெயர் கெட்டுவிடும் என்று உங்களுக்கு ஆலோசனை சொல்கிறவர்கள் இருப்பார்கள். எண்ணே இல்லாதபோது ஊர் தானாக ஓர் எண்ணை வைத்துக்கொள்ளும். அது எப்போதும் உண்மையைவிடப் பெரியதாகவே இருக்கும்.

பயணம் என்ற தலைப்பின் கீழே இன்னொரு வகைப் பயணத்தையும் சேர்க்கும்படி கேட்கிறேன். கிண்ணியாவில் வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றிக் கரை சேர்க்கும் 'பாதை' என்ற மிதவை ஓடிய காலத்தில் மூதூருக்குப் போய்வருவதே ஒரு நாள் வேலை. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்தது. தொடர்ந்து மட்டக்களப்பு வீதியின் மற்ற நீர்த்துறைகளிலும் பாலங்கள் வந்துவிட்டன. இன்று ஒரு துணைவேந்தர் காலையில் புறப்பட்டு மூதூர், சம்பூர், ஈச்சிலம்பற்று என்று பாடசாலைகளைப் பார்த்துக்கொண்டு வெருகல்வரை போய் மாலையில் திரும்பிவிடலாம். வடக்கே குச்சவெளி, புல்மோட்டைக்கும் அப்படியே. பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கியவை என்று கணக்கிடப்பட்டு, 5 சதவீத இடங்களில் பங்கு பெறும் 16 மாவட்டங்களில் திருகோணமலையும் ஒன்று. அந்த ஒதுக்கீட்டில் உள்ளே வருகிற பிள்ளையின் வீட்டில் பெரும்பாலும் அதற்கு முன் எவரும் பல்கலைக்கழக வாசலை மிதித்ததில்லை. அவர்கள் ஊர்ப் பாடசாலைக்கு ஒரு துணைவேந்தர் வந்து, உயர்தர மாணவர்களோடு ஒரு மணி நேரம் இருந்து, எந்தப் பாடத்துக்கு எந்தப் பட்டம், ஆங்கிலத்தில் படிக்க வேண்டி வருமா, தங்குமிடம் கிடைக்குமா என்று சொல்லிப் போனால், அதை அந்த ஊர் நெடுங்காலம் பேசும். உங்கள் மடலின் பயணப் பகுதியில் சிங்கப்பூருக்கும் லண்டனுக்கும் கீழே வெருகல் என்று ஒரு பெயரும் வர வேண்டும் என்பது என் விருப்பம். அதற்குக் கடவுச்சீட்டும் வேண்டாம், பேரவை அனுமதியும் வேண்டாம். ஒரு வாகனமும் ஒரு நாளும் போதும்.

1974 இல் யாழ்ப்பாணத்தில் வளாகமாகத் தொடங்கியது பின்னர் பல்கலைக்கழகமாயிற்று. அதன் வவுனியா வளாகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. திருகோணமலைக்கும் அப்படியொரு நாள் வர வேண்டும் என்று இங்கே பலர் விரும்புகிறார்கள், நானும் விரும்புகிறேன். அதற்கான ஆயத்தம் கட்டடங்களில் மட்டும் இல்லை. தலைவர் எங்கே போனார், என்ன கொண்டுவந்தார், உள்ளே பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்பவற்றை ஊருக்குச் சொல்லும் வழக்கம் இப்போதே தொடங்கிவிட்டால், அந்த நாள் வரும்போது ஊர் துணையாக நிற்கும். இல்லாவிட்டால் இன்று கோணேசபுரியைப் பற்றி நகரத்தில் பலருக்குத் தெரிந்திருப்பது போலத்தான் அன்றும் இருக்கும்: வீதியோரத்தில் ஒரு பெயர்ப்பலகை, பட்டமளிப்பு நாளில் ஒரு வாகன நெரிசல்.

ஆகவே என் கோரிக்கையைச் சுருக்கமாக வைக்கிறேன். வெளிநாடு போய்த் திரும்பிய ஒரு மாதத்துக்குள், ஒரு மாலை நேரத்தில், மாணவர்களும் பெற்றோரும் ஊராரும் வந்து கேட்கக்கூடிய ஒரு கூட்டத்தில் பயணத்தைப் பற்றிப் பேசுங்கள். கேள்விகளுக்கு இடம் விடுங்கள். மடலின் வளாக வாழ்க்கைப் பகுதியை ஊடக அலுவலரிடமிருந்து எடுத்து, ஒவ்வொரு தவணையும் வெவ்வேறு பீடத்து மாணவர் இருவரிடம் கொடுங்கள். அவர்கள் எழுதியதில் எழுத்துப் பிழையை மட்டும் திருத்துங்கள். இரும்பு அலுமாரியைத் திறந்து, இருக்கிற உடன்படிக்கைகள் எல்லாவற்றையும் ஆண்டுக்கு ஒரு தடவை எடுத்துப் பார்த்து, நடப்பவை எவை, பெயரளவில் இருப்பவை எவை என்று வெளியிடுங்கள். பெயரளவில் இருப்பதை நிறுத்திவிடுவதில் அவமானம் ஒன்றும் இல்லை. மறுபக்கத்தவரும் நிம்மதியடைவார்கள் என்பது என் அனுபவம்.

கூட்டம் வளாகத்துக்குள் நடத்த வசதிப்படாது என்றால் நகர மண்டபத்தில் நடத்தலாம். கதிரை அடுக்கவும் தேநீர் கொடுக்கவும் ஓய்வுபெற்ற அலுவலர்களாகிய நாங்கள் சிலர் இருக்கிறோம். நோட்டீஸ் அடித்துக் கிண்ணியா, மூதூர், குச்சவெளிப் பக்கம் கொண்டுபோய்க் கொடுப்பதும் எங்கள் பொறுப்பு. மழைக்காலம் தொடங்குவதற்கு முன் ஒரு சனிக்கிழமை மாலையைக் குறித்துத் தாருங்கள். மற்ற ஒழுங்குகளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற பல்கலைக்கழக எழுதுவினைஞர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.